முதல் மூன்று நாள் மௌனத்தால் யாருக்கு லாபம்?

2024 நவம்பர் 14 அன்று 'கங்குவா' திரைக்கு வந்தது. முதல் காட்சி முடிந்து வெளியே வந்தவர்களில் படம் பிடித்தவர்களும் இருந்தார்கள், பிடிக்காதவர்களும் இருந்தார்கள். இரு தரப்பிலும் பலர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: படத்தில் சத்தம் அதிகம், காது வலிக்கிறது. திரைக்கலை பற்றி எந்தப் பாடமும் படிக்காதவர்கள், வண்டியை எடுக்கப் போகிற அவசரத்தில் சொன்ன கருத்து அது. அது சரிதான் என்று படக்குழுவே ஏற்றுக்கொண்டது. ஒலி அளவை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி திரையரங்குகளிடம் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா தெரிவித்தார். சில நாட்களில் படத்தின் நீளத்தில் 12 நிமிடம் வெட்டப்பட்டது. நாயகன் சூர்யாவின் மனைவியும் நடிகையுமான ஜோதிகா, படத்துக்கு ஆதரவாக எழுதிய பதிவிலேயே முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை என்பதையும் ஒலி உறுத்துவதையும் ஒப்புக்கொண்டார். படம் வெளியாகி ஒரு வாரம் ஆவதற்குள் தமிழ்த் திரைப்பட நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் நாள் முதல் காட்சி முடிந்ததும் திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதைத் திரையரங்க உரிமையாளர்கள் அனுமதிக்கக் கூடாது என்றது அந்த அறிக்கை. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய மூன்று படங்களையும் இந்தக் கருத்துகள் பெரிதும் பாதித்துவிட்டன என்பது சங்கத்தின் வாதம்.

அடுத்த மாதமே விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனங்கள் வெளியிடத் தடை வேண்டும், விமர்சனங்களுக்கு நெறிமுறை வகுக்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. விமர்சனம் செய்வது கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்பதைச் சுட்டிக்காட்டித் தடை விதிக்க மறுத்த நீதிமன்றம், ஒன்றிய, மாநில அரசுகளும் யூடியூப் நிறுவனமும் பதிலளிக்க வேண்டும் என்றது. கேரளத்திலும் இதே சண்டை நடந்திருக்கிறது. அங்கே உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், படம் வெளியாகி 48 மணி நேரம் வரை விமர்சகர்கள் பொறுத்திருக்கலாம் என்று 2024இல் பரிந்துரைத்தார். 2025இலும் இந்தக் கோரிக்கை தமிழ்த் திரையுலக மேடைகளில் மறுபடி ஒலித்தது. எனவே ஒரு படத்தின் தோல்வியோடு முடிந்துபோகிற பேச்சல்ல இது. படம் பார்த்துவிட்டு ஒரு சாதாரண ரசிகர் போகிறபோக்கில் சொல்லும் கருத்துக்குத் தமிழ் சினிமாவில் என்ன இடம் என்பதுதான் கேள்வி. அந்தக் கருத்து தமிழ் சினிமாவுக்கு எதிரி இல்லை; காசு கொடுத்து வாங்க முடியாத ஒரே விளம்பரம் அது. அதை அடக்கினால் முதலில் அடிபடுவது நல்ல சிறிய படங்கள்தான். அதைக் காப்பாற்றும் பொறுப்பில், சொல்கிற ரசிகருக்கும் ஒரு பங்கு உண்டு.

படம் பார்ப்பது என்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன செலவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸில் 2024இல் வரிகளைச் சேர்த்து ஒரு சீட்டு 190 ரூபாய் அளவில் இருந்தது. அந்த விலையில் நான்கு பேர் போனால் சீட்டுக்கு மட்டும் 760 ரூபாய். அதற்கு மேல் இணைய முன்பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன் என்று சேர்த்தால் செலவு ஆயிரத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு இது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு. கடையில் வாங்கிய சட்டை அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருவார்கள். படம் பிடிக்கவில்லை என்றால் சீட்டுக் காசைத் திருப்பித் தருகிறவர் யாரும் இல்லை. போவதற்கு முன்னால் அவரிடம் இருப்பவை ட்ரெய்லர், பாடல்கள், இசை வெளியீட்டு மேடையில் சொல்லப்பட்ட புகழ்மொழிகள், வண்ண வண்ணச் சுவரொட்டிகள். இவை எல்லாம் விற்கிறவர் தரப்பிலிருந்து வருபவை. வாங்குகிறவர் தரப்பிலிருந்து வரும் ஒரே தகவல், தனக்கு முன்னால் பார்த்தவர் சொல்வதுதான். "படம் எப்படி?" என்று அலுவலகத்தில் ஒருவர் மற்றவரைக் கேட்பது பொழுதுபோக்குப் பேச்சாகத் தோன்றலாம். அதற்குள் ஒரு குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கு இருக்கிறது. விற்கிறவர் மூன்று மாதம் விளம்பரம் செய்யலாம், வாங்கியவர் மட்டும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை எந்தச் சந்தையிலும் நியாயம் என்று ஏற்க முடியாது.

இந்த வாய்வழிக் கருத்து தமிழ் சினிமாவுக்கு என்ன செய்திருக்கிறது என்பதற்கு வரலாறு சாட்சி. மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியானபோது ஆரம்ப வாரங்களில் கூட்டம் இல்லை. வசனம் குறைவு, வழக்கமான சண்டைகள் இல்லை, ரஜினிகாந்த் ஒரு கையை இழந்தவராக வருகிறார். பார்த்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லித்தான் படம் எழுந்தது. 1980இல் வந்த 'ஒரு தலை ராகம்' புதுமுகங்களின் படம். அதுவும் மெல்லத் தொடங்கிக் கல்லூரி மாணவர்களின் பேச்சால் மாதக்கணக்கில் ஓடியது. 1999 டிசம்பரில் வெளியான பாலாவின் 'சேது'வின் கதை இன்னும் கூர்மையானது. அந்தப் படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் நெடுநாள் முன்வரவில்லை. போட்டுக் காட்டிய காட்சிகளில் பாராட்டியவர்களும் பணம் போடத் தயங்கினார்கள். சொற்பமான காட்சிகளோடு தயங்கித் தயங்கி வெளியான படத்தை, முதலில் பார்த்த சில நூறு பேர் ஊரெல்லாம் கொண்டுபோனார்கள். காட்சிகள் கூடின, படம் நூறு நாளைத் தாண்டியது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வந்தது, பத்தாண்டுகளாகத் தவித்துக்கொண்டிருந்த விக்ரமுக்கு வாழ்வு கிடைத்தது. தொழில் தெரிந்தவர்கள் கைவிட்ட படத்தைத் தொழில் தெரியாதவர்கள் காப்பாற்றினார்கள். முதல் காட்சி பார்த்தவர்கள் வாய் திறக்காமல் வீட்டுக்குப் போயிருந்தால் 'சேது' முதல் வாரத்திலேயே பெட்டிக்குள் போயிருக்கும்.

அது பழங்கதை, இன்றைக்கு யூடியூப் காலம், இன்றைய கருத்துகள் வெறுப்பை மட்டுமே பரப்புகின்றன என்று சிலர் சொல்லக்கூடும். 2024ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். சங்கம் குறைப்பட்டுக்கொண்ட அதே ஆண்டில், அதே திரையரங்க வாசல்களில், அதே மைக்குகள் முன்னால் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? பிப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தைத் தமிழ் மொழிமாற்றம்கூட இல்லாமல் தமிழ்நாட்டில் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் செய்யவைத்தார்கள். ஜூனில் நித்திலன் சாமிநாதனின் 'மகாராஜா'வைக் கொண்டாடினார்கள். ஆகஸ்டில் மாரி செல்வராஜின் 'வாழை'க்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். செப்டம்பர் 20 அன்று அறிமுக இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து'வைத் தூக்கி நிறுத்தினார்கள். 'கங்குவா'வுக்கு இரண்டு வாரம் முன்னால் தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தை வாரக்கணக்கில் ஓடவைத்தார்கள். அடுத்த ஆண்டு 2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வோடு ஒரே நாளில் வெளியானது அபிஷன் ஜீவிந்தின் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. இலங்கையிலிருந்து தப்பிவந்து சென்னையில் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் எளிய கதை. பெரிய படத்துக்கு எதிரில் அதற்குக் காட்சிகள் கூடியது விளம்பரத்தால் நடக்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னதால் நடந்தது. இவ்வளவு படங்களையும் உயர்த்திய அதே வாய் மூன்று படங்களைக் குறை சொன்னால், கோளாறு வாயில் இருக்கிறது என்று எப்படி முடிவு கட்டுவது?

'லப்பர் பந்து'வைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் தடை யாரைத் தாக்கும் என்பது விளங்கும். ஹரிஷ் கல்யாணும் 'அட்டகத்தி' தினேஷும் நடித்த படம். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கே அரங்கை நிரப்பிவிடும் ரசிகர் படை அதற்குக் கிடையாது. ஊர் மைதானத்தில் ரப்பர் பந்தில் ஆடும் கிரிக்கெட், அதில் ஒரு மாமனாருக்கும் மருமகனாக வரப்போகிறவனுக்கும் நடக்கும் ரோஷச் சண்டை, அணிக்குள் யாரைச் சேர்ப்பது என்பதில் நுழைந்துகொள்ளும் சாதி என்று போகிற கதை. தினேஷ் நடித்த 'கெத்து' என்ற பாத்திரம் மட்டை பிடிக்க வரும்போது பழைய விஜயகாந்த் பாட்டு ஒலிக்கும் இடத்தில் அரங்கம் எழுந்து ஆடியதை முதல் நாள் பார்த்தவர்கள்தான் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். கிரிக்கெட் தெரியாதவர்களும் பார்க்கலாம், வீட்டுப் பெண்களையும் கூட்டிப் போகலாம் என்ற தகவலும் அப்படித்தான் பரவியது. வெள்ளிக்கிழமை கொஞ்சம் பேர், அவர்கள் சொல்லிச் சனிக்கிழமை கூடுதல் பேர், அவர்கள் சொல்லி ஞாயிற்றுக்கிழமை ஹவுஸ்ஃபுல் என்பதுதான் சிறிய படத்தின் ஏணி. இதில் முதல் மூன்று நாள் மௌனம் என்பது முதல் மூன்று படிகளை உடைப்பது. திங்கட்கிழமை தடை முடிந்து ரசிகர் வாய் திறக்கும்போது அந்தப் படத்தின் காட்சிகள் அடுத்த படத்துக்குப் போயிருக்கும். நட்சத்திரப் படத்துக்கு முதல் மூன்று நாள் கூட்டம் முன்பதிவிலேயே உறுதியாகிவிடுகிறது. ஆக, மௌனத்தால் லாபம் அடையக்கூடியது, விளம்பரம் பெரிதாகவும் படம் அதற்கு ஈடாகாமலும் இருக்கும் ஒரு வகைப் படம் மட்டுமே. அந்த ஒரு வகைக்காக மற்ற எல்லாப் படங்களும் விலை கொடுக்க முடியாது.

அப்படியென்றால் முதல் நாள் கருத்துக்கு இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது? ரசிகர் அன்றும் இதைத்தான் சொன்னார், இன்றும் இதைத்தான் சொல்கிறார். மாறியிருப்பது வியாபாரம். பிலிம் சுருள் காலத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் தனியாகச் செலவு செய்ய வேண்டியிருந்தது. அதனால் குறைந்த பிரதிகளோடு பெரிய நகரங்களில் வெளியிட்டு, பிறகு பி சென்டர், சி சென்டர் எனப்படும் சிறிய ஊர்களுக்குப் படம் மெல்ல மெல்ல இறங்கி வரும். ஒரு படத்துக்குத் தன்னை நிரூபிக்க வாரங்கள் கிடைத்தன. 25 வாரம் ஓடினால் வெள்ளிவிழா. டிஜிட்டல் முறை வந்ததும் பிரதிக்கான செலவு மறைந்து, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படத்தை இறக்க முடிந்தது. விநியோகஸ்தர்களிடம் மினிமம் கேரண்டி எனப்படும் உறுதித்தொகையை வாங்கிப் படத்தை விற்றவர்களும், அந்தத் தொகையைக் கொடுத்தவர்களும் முதல் வார இறுதிக்குள் போட்ட பணத்தை எடுத்துவிட ஓடினார்கள். அதன் மேல் ஓடிடி வந்தது. பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நான்கே வாரத்தில் வீட்டுத் திரைக்கு வந்துவிடும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். எல்லா வசூலையும் மூன்று நாளுக்குள் அடைத்து வைத்தது தொழில்துறைதான். வாசலை அவ்வளவு குறுகலாகக் கட்டிவிட்டு, அதில் நிற்கும் ரசிகரைப் பார்த்து வழியை மறிக்கிறாய் என்பது நியாயமில்லை.

தயாரிப்பாளர் தரப்பில் மறுக்க முடியாத ஒரு வலி இருக்கிறது. ஒரு படத்தில் பல கோடி ரூபாய் முதலீடு, பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய பணம். லைட்மேன், ஒப்பனைக் கலைஞர், தையல்காரர், சமையல்காரர், ஓட்டுநர் என்று நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பு. ஒருவர் பத்து விநாடியில் 'மொக்கை' என்று சொல்லிவிட்டுப் போக, இரண்டு வருட வேலை வீணாகிறது என்பது அவர்கள் வாதம். இந்த வலியை மதிக்க வேண்டும். ஆனால் உழைப்பு என்பது படம் நன்றாக இருக்கிறது என்பதற்கான சான்று ஆகாது. நல்ல படத்திலும் உழைப்பு இருக்கிறது, மோசமான படத்திலும் அதே உழைப்பு இருக்கிறது. லைட்மேன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். திரைக்கதை சரியாக எழுதப்படாததற்கு அவர் பொறுப்பல்ல, அதைச் சுட்டிய ரசிகரும் பொறுப்பல்ல. தொழிலாளியின் பெயரைச் சொல்லி ரசிகரின் வாயை அடைப்பதைவிட, திரைக்கதைக்குக் கூடுதலாக ஆறு மாதம் ஒதுக்குவது அந்தத் தொழிலாளிக்குச் செய்யும் பெரிய உதவி. மேலும், தொழில்துறையே ரசிகர் கருத்தை நம்பித்தான் நடக்கிறது. 2024 ஜூலையில் 'இந்தியன் 2' வெளியான சில நாட்களில் அதில் 12 நிமிடம் குறைக்கப்பட்டது எதனால்? நீளம் அதிகம் என்று பார்த்தவர்கள் சொன்னதால். வாசலில் ரசிகர் பாராட்டினால் அந்தக் காணொளியைப் படக்குழுவே வெட்டி ஒட்டி விளம்பரமாக வெளியிடுகிறது. பாராட்டுக்குத் திறந்திருக்கும் வாசல் குறைக்கும் திறந்தே இருக்க வேண்டும்.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. இன்றைக்கு வருவது ரசிகர் கருத்தே அல்ல. போட்டி நடிகரின் ரசிகர்கள் திட்டமிட்டுப் பரப்பும் வெறுப்பு, பணம் கேட்டு மிரட்டும் சேனல்கள், படமே பார்க்காமல் பதிவு போடும் போலிக் கணக்குகள் என்கிறார்கள். இவை இருப்பது உண்மை. தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன்னால் சிறப்புக் காட்சிக்கு அனுமதி இல்லாததால், கேரளத்திலோ பெங்களூருவிலோ விடியற்காலைக் காட்சி பார்த்தவரின் பெயரில் ஒரு முடிவு இங்கே முதல் காட்சிக்கு முன்பே சுற்றத் தொடங்குகிறது. அவர் பார்த்தாரா என்றுகூடத் தெரியாது. ஆனால் பார்க்காத படத்தைப் பார்த்ததாகச் சொல்வது பொய். பணம் தராவிட்டால் கெடுப்பேன் என்பது மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம். பொய்க்கும் குற்றத்துக்கும் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி உரியவரைப் பிடிப்பதை விட்டுவிட்டு, காசு கொடுத்துப் பார்த்த எல்லோரையும் மௌனமாக்குவது எப்படித் தீர்வாகும்? இதில் மறுபக்கமும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு திட்டுவது எவ்வளவு தவறோ, காசு வாங்கிக்கொண்டு புகழ்வதும் அவ்வளவு தவறு. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இணைய விமர்சனங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் 2022லேயே வந்துவிட்டது. படக்குழுக்கள் தாங்கள் பணம் கொடுத்து வாங்கும் புகழுரைகளுக்கு இந்த விதியை முதலில் பின்பற்றினால், போலிக் கருத்துகளுக்கு எதிரான அவர்கள் குரலுக்குத் தார்மிக பலம் வரும். சீட்டு பதிவுசெய்தவரின் கருத்து என்று அடையாளம் காட்டும் வசதி சில முன்பதிவுத் தளங்களில் இப்போதே இருக்கிறது. அதை விரிவாக்குவதும் நல்ல வழி.

தகுதி பற்றிய கேள்வியும் அடிக்கடி எழுகிறது. திரைமொழி தெரியாதவர், ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் வேறுபாடு அறியாதவர் எப்படி ஒரு படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்? இங்கே இரண்டு வேலைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. விமர்சகரின் வேலை, ஒரு படம் தன் காலத்தில் எங்கே நிற்கிறது, எதைச் சொல்ல முயல்கிறது, எந்த மரபிலிருந்து வருகிறது என்று விளக்குவது. திரைப்பட வரலாற்றாய்வாளர் தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் பல ஆண்டுகள் ஆவணங்களைத் தேடிப் படித்துச் செய்த வேலை அது. போகிறபோக்கில் கருத்துச் சொல்கிற ரசிகர் அந்த வேலையைச் செய்வதாகச் சொல்லவில்லை. இரண்டரை மணி நேரம் தனக்கு எப்படிப் போனது என்று சொல்கிறார். அதற்குத் தகுதி, அந்த இரண்டரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தது மட்டுமே. தமிழ் சினிமா தன்னை எப்போதும் மக்கள் கலை என்றுதான் சொல்லிக்கொள்கிறது. மக்களின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு என்று மேடைதோறும் அவர்களைப் போற்றுகிறது. மக்கள் தீர்ப்பு என்று ஒன்று உண்டென்றால் அது இப்படித்தான் இருக்கும்: சுருக்கமாக, சில நேரம் கரடுமுரடாக, பலரும் சொல்லும்போது மட்டும் முழுமையாக. ஒருவர் சொல்வது தவறாக இருக்கலாம். கோவையிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஒருவரையொருவர் அறியாத ஆயிரம் பேர் ஒரே இடத்தில் சலிப்படைந்தால், அந்த இடத்தில் ஏதோ பிழை இருக்கிறது. 'கங்குவா'வின் சத்தம் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் ஓர் எதிர்வாதம் மிச்சம் இருக்கிறது. உண்மையிலேயே யோசிக்க வைப்பது அதுதான். உடனடிக் கருத்து, வேகமான படத்துக்குச் சாதகமானது. மெல்லப் போகிற படத்தை அது நசுக்கிவிடும். ச.பிரேம்குமாரின் 'மெய்யழகன்' இதற்கு உதாரணம். 2024 செப்டம்பர் 27 அன்று ஏறத்தாழ மூன்று மணி நேரப் படமாக அது வந்தது. தஞ்சாவூரில் வீட்டை இழந்து சென்னைக்குப் போய்விட்ட ஒருவர், இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். 'அத்தான்' என்று உருகுகிற ஒருவன் அவரை விடாமல் கவனித்துக்கொள்கிறான். அவன் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. இரவு முழுக்க இருவரும் பேசுகிறார்கள். நீளம் என்ற பேச்சு முதல் நாட்களிலேயே எழுந்தது, சுமார் 18 நிமிடம் வெட்டப்பட்டது. ஓடிடியில் வந்த பிறகோ அந்த நிதானத்துக்காகவே பலர் படத்தைக் கொண்டாடினார்கள். 2003 பொங்கலுக்கு வந்து வசூலில் தோற்ற 'அன்பே சிவம்' தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடிய பிறகுதான் மக்கள் மனதில் இடம்பிடித்தது. ஆகவே முதல் நாள் கருத்து தவறலாம் என்பது உண்மை. ஆனால் அந்தத் தவறைத் திருத்தியது எது? பிறகு பார்த்தவர்கள் அதே போல் போகிறபோக்கில் சொன்ன கருத்துதான். முதல் கருத்தைத் தடுப்பதால் இரண்டாவது கருத்து பிறக்காது. இரண்டாவது கருத்து பிறக்கும்வரை படம் திரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மெல்லப் போகிற படத்துக்குத் தேவை பேச்சில்லாத மூன்று நாள் அல்ல, காட்சிகள் பறிக்கப்படாத மூன்று வாரம்.

இந்த இடத்தில் ரசிகரிடமும் ஒரு கோரிக்கை வைத்தாக வேண்டும். அவர் பேச்சுக்கு வலிமை இருக்கிறது என்று வாதிடுகிற நாம், அந்த வலிமைக்கு ஒரு பொறுப்பும் இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. 'மெய்யழகன்' பார்த்துவிட்டு ஒருவர் "ஒரே இழுவை, போகாதே" என்கிறார். இன்னொருவர், "சண்டையே கிடையாது, இரண்டு பேர் உறவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், கடைசி அரை மணி நேரம் எனக்கு நீளமாகத் தெரிந்தது" என்கிறார். இருவருக்கும் படத்தின் நீளம் உறுத்தியிருக்கிறது. முதலாமவர் கேட்பவரின் முடிவையும் தானே எடுத்துவிட்டார். இரண்டாமவர் சொன்னதைக் கேட்கிறவர், "எனக்கு அப்படிப்பட்ட படம்தான் பிடிக்கும்" என்று சீட்டு வாங்கவும் முடியும். கூடுதலாகச் செலவானது பத்து விநாடி மட்டுமே. எது பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை, எதை எதிர்பார்த்துப் போனோம் என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் போதும். கருத்து எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது நேர்மையான கருத்து. நடிகரின் நிறத்தையும் சாதியையும் குடும்பத்தையும் இழுப்பது, இடைவேளைத் திருப்பத்தை உடைத்துச் சொல்வது, பாதியில் தூங்கிவிட்டு முழுப் படத்தையும் பழிப்பது ஆகியவை கருத்தில் சேராது. மைக்கை நீட்டுகிற சேனல்களும் யோசிக்க வேண்டும். உச்சக்குரலில் திட்டுகிற பத்து விநாடியைத் தேர்ந்தெடுத்துத் தலைப்பில் வைப்பவர்கள், அருகில் நின்று நிதானமாகக் காரணம் சொன்ன பெண்ணின் பதிலை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். "படம் எப்படி?" என்ற கேள்வியோடு "ஏன்?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், வாசல் கருத்தின் தரம் உடனே உயரும்.

திரைத்துறை இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கருத்துச் சுதந்திரம் பற்றி இந்தியாவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்புகளில் ஒன்று, ஒரு தமிழ்ப் படத்தால் வந்தது. இடஒதுக்கீட்டுக் கொள்கையை விவாதித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, அதன் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. ஒரு கருத்து சிலருக்குப் பிடிக்கவில்லை, அதனால் கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காக அதை அடக்க முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அன்று தயாரிப்பாளர் எஸ்.ரங்கராஜனுக்குக் கிடைத்த பாதுகாப்பின் நிழலில்தான் இன்றுவரை பல படங்கள் சர்ச்சைகளைக் கடந்து வெளிவருகின்றன. படத்தின் கதை அரசியல்வாதிக்கும் சாதி அமைப்புக்கும் கசக்கும்போது கருத்துச் சுதந்திரத்தைக் கேடயமாகப் பிடிக்கிற துறை, படம் ரசிகருக்குக் கசக்கும்போது அதே சுதந்திரத்தை மூன்று நாள் நிறுத்திவைக்கக் கேட்கலாமா? பேச்சை நிறுத்திவைக்க ஒரு முறை வழி ஏற்பட்டால், அந்த வழியில் அடுத்து வருகிறவர்கள் படத்தையே நிறுத்தக் கேட்பார்கள். அப்போது தயாரிப்பாளர்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் இதே ரசிகர்கள்தான்.

செய்யக்கூடியவை பல இருக்கின்றன. நம்பிக்கையுள்ள தயாரிப்பாளர்கள் வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பே முன்னோட்டக் காட்சி வைக்கலாம். பொதுமக்களில் சிலரையும் அதற்கு அழைத்தால், வெளியான பிறகு வெட்டுகிற 12 நிமிடத்தையும் 18 நிமிடத்தையும் முன்கூட்டியே வெட்டிவிட முடியும். சிறிய படங்களுக்கு இரண்டாவது வாரமும் ஒரு மாலைக் காட்சியாவது உறுதி என்று தயாரிப்பாளர்களும் திரையரங்க உரிமையாளர்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். வார நாட்களில் சீட்டு விலையைக் குறைத்துப் பார்க்கலாம். விலை குறைந்தால் ரசிகர் மற்றவர் பேச்சை மட்டும் நம்பாமல் தானே போய்ப் பார்த்துத் தன் முடிவுக்கு வருவார். இவை எதற்கும் நீதிமன்றத்தின் உத்தரவு தேவையில்லை. ரசிகர் தன் பங்குக்கு, பார்த்த படத்தைப் பற்றித் தொடர்ந்து பேச வேண்டும். பிடித்திருந்தால் உரக்கச் சொல்ல வேண்டும், பிடிக்காவிட்டால் காரணத்தோடு சொல்ல வேண்டும். அடுத்த 'சேது' எங்கோ ஓர் அரங்கில் பாதி காலியான காட்சியோடு தொடங்கும்போது, அதற்கு விளம்பரம் செய்யப் பணம் இருக்காது, அதைப் பார்த்துவிட்டு வரும் ஐம்பது பேர் மட்டுமே இருப்பார்கள். அவர்கள் பேசுவதற்கு இந்த நாட்டில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது.